இசக்கியை எந்த ஊரில் வைப்பது

1

பின்லாந்தில் இசக்கி என்பது ஆண்பிள்ளைப் பெயர். பைபிளில் வரும் ஈசாக்கை இவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அப்போது அது தெரியாது. என் மனைவி இசக்கியம்மாளின் பாஸ்போர்ட்டில் இசக்கி என்று மட்டும் இருந்தது. அவளை நர்ஸ் வேலைக்கு எடுத்த இந்தச் சின்னக் கடலோர ஊராட்சியின் முதியோர் இல்லத்தில், இந்தியாவிலிருந்து ஓர் ஆண் நர்ஸ் வருகிறார் என்று காத்திருந்தார்கள். கனத்த கிழவர்களைத் தூக்கி உட்கார வைக்க ஆள் கிடைத்தது என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஊருக்குப் போன் செய்தாள்.

"அத்தான், இங்கன எனக்கு ஆம்பளைய உடுப்பு மாத்துத ரூம்ல பெட்டி ஒதுக்கி வச்சிருக்காவ. சட்டைக்குள்ள என்னைய மாதிரி ரெண்டு பேரு நுழையலாம். நான் போயி நின்னா, எல்லாரும் எனக்குப் பின்னால எட்டிப் பாக்காவ, இசக்கி எங்கனு."

"நீ என்ன சொன்ன?"

"நாந்தான் அந்த ஆம்பளன்னேன்."

நாங்கள் சீவலப்பேரிக்காரர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று வயல் வேலைக்குப் போனவன். அவள் என் தாய்மாமன் மகள். பன்னிரண்டு முடித்துப் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்புப் படித்தாள். படித்த பிள்ளையை இவனுக்கா கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "அத்தான் நெறையாப் பேசாது, எனக்கு அது போதும்" என்று அவளே முடித்துவிட்டாள். முதலில் அவள் மட்டும் இங்கே வந்தாள். ஒரு வருடம் கழித்து, ஐந்து வயது மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு நான் வந்தேன். ஆயிற்று, பதினைந்து வருடம்.

இசக்கி போய் இந்த நவம்பரோடு ஒரு வருடம். அவள் திவசத்தை ஒட்டி வந்த சனிக்கிழமையன்று ஒரு விஷயம் நடந்தது. அதை யாரிடமும் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2

ஊர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தார்ச்சாலை, ஒரு மளிகைக் கடை, ஒரு நூலகம், மரத்தால் கட்டிய ஒரு சர்ச், மீன் படகுகள் வந்து நிற்கும் ஒரு துறை. நாங்கள் வந்தபோது வங்கி இருந்தது, இப்போது இல்லை. பெரிய வகுப்புகள் இருந்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். இளவயதுக்காரர்கள் தெற்கே நகரங்களுக்குப் போகிறார்கள். கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள எங்களைப் போன்றவர்கள் வருகிறோம்.

வடக்கே கடற்கரையில் ஸ்வீடிஷ் பேசுகிறவர்களின் ஊர்கள். இது பின்னிஷ் பேசுகிற ஊர். எல்லை தாண்டினால் பெயர்ப் பலகையில் எழுத்து மாறும். நம் செங்கோட்டை தாண்டினால் மலையாளம் வருகிற மாதிரி. ஆனால் இங்கே அதற்குச் சண்டை சச்சரவு எதுவும் நான் பார்த்ததில்லை. எவரும் எதற்கும் சத்தம் போட்டுப் பார்த்ததில்லை.

இந்த ஊரில் நிலம் கடலுக்குள்ளிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மலை உயரத்துக்கு ஐஸ் ஏறி உட்கார்ந்து அழுத்திய நிலமாம். ஐஸ் போன பிறகு இன்னும் பைய நிமிர்கிறதாம். ஒரு மனிதன் பிறந்து சாவதற்குள் முழங்கால் உயரம் ஏறிவிடும் என்கிறார்கள். காட்டுக்குள் நடந்து போனால் ஒரு பாறையில் இரும்பு வளையங்கள் அடித்திருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் படகு கட்டிய வளையம். இப்போது அங்கிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது. இதைக் காட்டியபோது நான் ஆச்சரியப்படுவேன் என்று பென்த்தி எதிர்பார்த்தார். எங்கள் ஆறு கடலில் சேரும் பக்கத்திலும் கொற்கை என்று ஒரு துறைமுகம் இருந்தது, இப்போது அது வயலும் வாழையுமாக இருக்கிறது, கடல் தள்ளிப் போய்விட்டது என்று சொன்னேன். என் பின்னிஷில் அதைச் சொல்லி முடிக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

பென்த்தி என்னோடு மீன் கூடத்தில் வேலை செய்கிறவர். படகில் வரும் மீனை எடை போட்டு, ஐஸ் போட்டு, பெட்டி கழுவி அடுக்குவது எங்கள் வேலை. என் பெயர் முத்து. இவர்கள் மொழியில் முத்து மாதிரி ஒலிக்கிற ஒரு சொல் இருக்கிறது. விரல் நீளம்கூட வளராத ஒரு பொடிமீனின் பெயர். முதல் நாள் நான் பெயரைச் சொன்னதும் பென்த்தி என் உயரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, "இதில் ஏறி உட்கார். எடை போட்டுவிடுகிறேன்" என்றார். பதினைந்து வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன நகைச்சுவை அது ஒன்றுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

கூச்சம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. கடையில் வாய் திறக்காமல் சாமான் வாங்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எந்த ஊரு, எத்தனை பிள்ளை என்று கேட்க மாட்டார். ஊரில் எனக்கு ஊமையன் என்று பட்டப்பெயர். இங்கே என்னைப் பற்றி முதியோர் இல்லத்தில் இசக்கியிடம், "உன் வீட்டுக்காரர் நன்றாகப் பழகுகிறார்" என்றார்களாம். அவள் அன்று முழுக்கச் சிரித்தாள்.

பென்த்தியின் அம்மா இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. நாட்டின் கிழக்குப் பகுதியைப் போருக்குப் பின் ரஷ்யா எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த சனங்கள் எல்லாரும் மாட்டையும் மூட்டையையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசியது பின்னிஷ் என்பதால் ஸ்வீடிஷ் ஊர்களில் குடிவைக்காமல் இந்த மாதிரி ஊர்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா அப்போது சிறுமி. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருக்குக் கஞ்சி ஊட்டியது இசக்கிதான்.

3

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையிலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்றாள். தண்ணீர் எடுத்து வருவதற்குள் கீழே விழுந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை போய்விட்டாள். எங்கே வை, எப்படிச் செய் என்று ஒரு சொல் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் அதையெல்லாம் பேசிக்கொள்வதில்லை. நாங்களும் பேசியதில்லை.

ஊரில் என்றால் அன்று மாலைக்குள் துட்டி கேட்க வாசல் நிறைய ஆள் வந்திருப்பார்கள். இங்கே துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிடுகிறார்கள். கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஒரு ரொட்டியும், பெயர் எழுதாத ஒரு கார்டும்.

கோமதி தெற்கே நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ராத்திரி ரயில் பிடித்து வந்தாள். பக்கத்துப் பெரிய நகரத்தில் எரிக்கும் வசதி இருந்தது. அங்கே எரித்தோம். இருபது பேர் வந்தார்கள். எவரும் வாய்விட்டு அழவில்லை. நானும் அழவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. கோமதி மட்டும் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலையில் அடுப்படியில் கோமதி நகரத்துக்குத் திரும்பப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எம்மா, அம்மாவ எங்கன வைக்க? நம்ம ஊருலதான?"

"ஆமாப்பா, நம்ம ஊருலதான்" என்றாள். "வேற எங்க?"

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இசக்கிக்கு ஓய்வில்லாத வேலை; கோமதி இங்கே பள்ளிக்கூடம் போன நாள் முதல் எங்கள் வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் பார்த்தது அவள்தான். எட்டு வயதில் எனக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்து, கால் தரைக்கு எட்டாமல், அதிகாரி கேட்பதை எனக்குத் தமிழில் சொல்லி, நான் சொல்வதை அவருக்குப் பின்னிஷில் சொல்வாள். நான் இரண்டு வார்த்தை சொன்னால் அவள் நான்கு வரி சொல்வாள். "என்னம்மா சொன்ன?" என்று கேட்டால், "நீங்க சொல்ல நினைச்சதத்தான்பா" என்பாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையையும் அவளே எனக்கு மொழிபெயர்ப்பாள். குறையைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பதினைந்து வருடத்தில் நான் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான். சாம்பலை எங்கே வைக்கப்போகிறோம் என்ற காகிதம்.

எரித்த இடத்து அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாக வாசித்துக் காட்டினாள். சாம்பலை ஒரு வருடத்துக்குள் நிலையாக ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். பிரிக்கக் கூடாது, இதுதான் சட்டம். இப்போது மண் உறைந்து கிடக்கிறது, பல குடும்பங்கள் இங்கேயே வைத்துவிட்டு ஜூன் மாதம் மண் இளகிய பிறகு அடக்கம் செய்வார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாம், அவசரமில்லை என்றும் சொன்னாள்.

இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: இந்தியா, திருநெல்வேலி, ஆறு.

4

எழுதச் சொன்னது என் மச்சான் சண்முகம். இசக்கியின் அண்ணன். தினமும் போன்.

"என்னவே மச்சான், எந்தங்கச்சிய அங்கனயே ஐஸுக்குள்ள வச்சிரலாம்னு பாக்கேரா?"

"இல்ல மச்சான்."

"பொறந்த ஆறு இங்கன கெடக்கு. அவளுக்கு அந்த மண்ணுல யாரு இருக்கா? கொண்டாரும்வே. பிள்ள என்ன சொல்லுதா?"

"நம்ம ஊருலதான்னு சொல்லுதா."

"பொறவு என்ன? பிள்ளைக்குத் தெரியுது, உமக்குத் தெரியல."

தை மாதம் பொங்கல் கழித்துப் போனேன். கோமதிக்குப் பரீட்சை. "அம்மா காரியத்துக்குப் போயிட்டு வாறேன்" என்று போனில் சொன்னேன். "சரிப்பா, மாமாவ நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். காரியம் என்றால் படத்துக்கு மாலை போட்டுச் சாமி கும்பிடுவது என்று அவள் நினைத்திருக்கிறாள். சாம்பலை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த அதிகாரியிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, இரண்டு கையாலும் சாம்பல் இருந்த கலயத்தை எடுத்துத் திரும்பப் பையில் வைத்து, ஜிப்பையும் தானே மூடினார்.

சீவலப்பேரியில், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேரும் இடத்துக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து கலயத்தைத் திறந்தோம். பால் ஊற்றி எலும்பைக் கழுவி விடுவதுதான் எங்கள் வழக்கம். மச்சான் உள்ளே கை விட்டுப் பார்த்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

"எலும்பு எங்கன மச்சான்?"

"அவ்வளவுதான் மச்சான்."

"அவ்வளவுதான்னா? இது சிமிண்டு மாதிரில்லா இருக்கு."

எரித்த பிறகு பின்லாந்தில் எலும்பையும் இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்கித்தான் தருவார்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "மாவா அரைச்சிட்டானுவளாக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். மச்சான் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு அவரே எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

முடிந்து வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட்டோம். எல்லாரும், "ஒன் கடமைய முடிச்சிட்டடே" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. திரும்பி வரும்போது பையில் கனம் இல்லை என்று ஒரு நிம்மதி.

5

ஜூன் முதல் வாரம் கோமதி விடுமுறைக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினாள். உள்ளே ஊதா நிறத்தில் சின்னப் பூச்செடிகள், ஆறு. இந்த ஊரில் கோடை தொடங்கும்போது எல்லாக் கல்லறையிலும் இந்தச் செடியைத்தான் நடுவார்கள். நான் அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாசலுக்கு வைக்க வாங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, மண்ணு எளகிட்டுல்லா? எந்த நாளு வைப்போம்?"

"என்னத்தம்மா?"

"அம்மாவ."

எனக்கு அப்போதும் புரியவில்லை. "வச்சாச்சும்மா" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பம்?"

"ஜனவரில."

"ஜனவரியா? மண்ணு கல்லா இருந்திருக்குமே. என்னைய ஏன்ப்பா கூப்பிடல?"

"ஒனக்குப் பரீட்சைல்லா."

"ஒரு நாள் வந்திருப்பேன்லா. சரி, எங்க வச்சிருக்கு? கடல் பாத்த வேலிப் பக்கமா? பிர்ச் மரத்துக்கிட்ட எடம் இருக்குன்னு நான் ஆபீஸ்ல கேட்டு வச்சிருந்தேன்."

"ஆத்துலம்மா."

"ஆத்துலயா? இங்க ஆத்துல விட மாட்டாங்களே. யார்ட்ட கேட்டீங்க?"

"நம்ம ஊரு ஆத்துல."

"அதான்ப்பா, எந்த..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கேட்டீங்க. நான் நம்ம ஊருலன்னு சொன்னேன்" என்றாள்.

"ஆமாம்மா. அதாம்மா நான்..."

"இதாம்ப்பா நம்ம ஊரு." மேஜையை விரலால் தட்டிக் காட்டினாள். கோபமாக இல்லை. எட்டு வயதில் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாளே, அதே குரல். "இதுதான். எனக்கு வேற ஊரு கெடையாது. இப்ப நான் எங்கப்பா போவேன்?"

அவள் எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்தாள். மூன்று நாள் இருப்பதாக வந்தவள் மறுநாள் காலைப் பஸ்ஸில் போய்விட்டாள். செடிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

6

தெரியாமல் செய்துவிட்டேன் என்று பென்த்தியிடம் சொன்னேன். மச்சானிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தைக்கு இரண்டு ஊர் இருந்தால் யார்தான் என்ன செய்வார்கள்.

ஆனால் அது முழு உண்மை இல்லை. இங்கே எழுதுகிறேன்.

கோமதிக்கு ஒன்பது வயது இருக்கும்போது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து சீவலப்பேரிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். டிரைவர் ஆரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். இவள் கண்டக்டரிடம் போய், "எங்க ஊருல பஸ்ஸு சத்தமே போடாது தெரியுமா" என்றாள்.

"ஒங்க ஊரு எதும்மா?" என்று கேட்டார் கண்டக்டர். இவள் இந்த ஊராட்சியின் பெயரைச் சொன்னாள். அவருக்கு வாயில் நுழையவில்லை. "அது எங்கன இருக்கு, கூடங்கொளத்துக்கு அந்தப் பக்கமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இசக்கியும் நானும் சிரித்தோம். விடுமுறை முடியும்போது, "அப்பா, எப்பம் ஊருக்குப் போறோம்?" என்று அவள் கேட்பது இங்கே வருவதைத்தான். அதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அதனால் அன்று அடுப்படியில் அவள் "நம்ம ஊருலதான்" என்று சொன்னபோது எனக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. எந்த ஊரைச் சொல்கிறாள் என்று திருப்பிக் கேட்க நினைத்தேன். கேட்டால் அவள் தரையைக் காட்டிவிடுவாளோ என்று இருந்தது. மச்சானுக்கு என்ன பதில் சொல்வது, ஊரில் என்ன பேசுவார்கள். கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டிய பதில் என் காதில் விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வாய் பேசாதவன் என்று என்னைப் பற்றி எல்லாரும் நல்லவிதமாகவே சொல்கிறார்கள்.

ஜூனுக்குப் பிறகு கோமதி என்னிடம் தமிழ் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, எல்லாம் கேட்பாள், பின்னிஷில். அப்பா என்பதற்கு இவர்கள் மொழியில் இசா என்பார்கள். இப்போது நான் இசா. நானும் பின்னிஷில் பதில் சொல்வேன். அந்த மொழியில் எனக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

7

நவம்பர் தொடக்கத்தில் இவர்களுக்கு இறந்தவர்களின் நாள் ஒரு சனிக்கிழமையில் வரும். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும். இந்த வருடம் அது இசக்கியின் திவசத்துக்கு மூன்று நாள் தள்ளி வந்தது. நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பென்த்தி வந்து கதவைத் தட்டினார். அவர் பேசியதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"உன் மகள் வந்திருக்கிறாள்."

"இல்லையே."

"அம்மாவைக் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் மகள் அங்கே நிற்கிறாள். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்." கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். "கார் வெளியே இருக்கிறது."

எந்தக் கல் என்று போகும் வழியில் கேட்டேன். இத்தனை வருடம் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. சர்ச்சுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வந்த சனங்கள் தங்கள் தாய் தகப்பனைப் புதைத்த மண்ணை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு விளக்கேற்ற இந்த ஊரில் கல்லறை இல்லை. அதற்காக வைத்த கல். 'வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் நினைவாக' என்று அதில் எழுதியிருக்கிறது. ஸ்வீடிஷ் ஊர்களில் இதற்குத் தேவை அவ்வளவு இருக்கவில்லை, நம் ஊரில் இருந்தது என்றார் பென்த்தி.

இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டம் முழுக்க விளக்கு. கல்லைச் சுற்றி ஏழெட்டுக் கிழவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் என் மகள், தலையில் கம்பளித் தொப்பியோடு. பென்த்தியின் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை. தனக்குக் கஞ்சி ஊட்டியவளின் மகள் என்று தெரியவில்லை.

"உனக்கு யார்?" என்று கேட்டார்.

"அம்மா" என்றாள் கோமதி.

"எங்கே?"

"சீவலப்பேரி."

"ஏரிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

தன்னுடைய கிழக்குச் சீமையில் ஒரு கிராமம் என்று நினைத்துவிட்டார். கோமதி திருத்தவில்லை. "ஆற்றங்கரையில்" என்றாள்.

"திரும்பிப் போய்ப் பார்த்தாயா?"

"இன்னும் இல்லை."

"எங்களையும் விடவில்லை" என்றார் அந்த அம்மா. அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார்.

நான் இரண்டு எட்டு தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோமதி என்னைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கல்லடியில் வைத்துவிட்டு, என் பக்கம் வந்து போனை எடுத்து நீட்டினாள். திரையில் மேலிருந்து எடுத்த படம். பச்சை வயல், நடுவில் ஆறு.

"எந்த எடம்? காட்டுங்க" என்றாள்.

ஜூனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ்.

என் விரல் சில்லிட்டுப்போயிருந்ததால் திரை நகரவில்லை. இரண்டு மூன்று தடவை தேய்த்தேன். "நீங்க சொல்லுங்க, நான் நகத்துதேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

"பைய... அந்தா பாலம். அதுக்குக் கீழ."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ. சித்தாறு வந்து சேருதுல்லா, அதுக்கு வலப்பக்கம்."

"இங்கயா?"

"ஆமா" என்றேன்.

அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். பெயர் கேட்டது. அம்மா என்று இவர்கள் மொழியில் எழுதினாள். போனைச் சட்டைக்குள், நெஞ்சுப் பக்கப் பையில் வைத்துக்கொண்டாள். "பஸ்ஸு வந்துரும்ப்பா" என்றாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட நினைத்தேன். அவள் வாசல் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

எனக்கு அந்த இடம் தெரியாது. அன்று காலை ஆற்றில் பனி மூட்டம். மச்சான் இறங்கியபோது நான் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வெறும் கையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். எவ்வளவு தூரம் நடந்தார், இடப்பக்கம் போனாரா வலப்பக்கம் போனாரா, ஒன்றும் பார்க்கவில்லை. தெரியாதும்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டாள், நான் ஆமா என்றேன்.

நேற்று மச்சான் போன் செய்தார்.

"மச்சான், ஒம்ம மக டிசம்பர்ல வாறாளாம். தனியா. டிக்கெட் போட்டாச்சாம்."

"என்னட்ட சொல்லல."

"அம்மா இருக்க எடத்தப் பாக்கணும்னு சொல்லுதா. போன்ல குறிச்சு வச்சிருக்காளாம், மாமா நீங்க கூட்டிட்டுப் போயி நிறுத்துனாப் போதும்னு சொல்லுதா. எந்த எடத்தவே குறிச்சிருக்கா? ஓடுத தண்ணி. எனக்கே எங்கன விட்டேன்னு தெரியாதுவே."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு தடவை அலோ என்றார்.

"மச்சான்" என்றேன்.

"சொல்லும்வே."

"அவ காட்டுத எடத்த, ஆமான்னு சொல்லிரும்."